ஐப்பசியில் வெட்டாத கோடு

என் அன்புக்கும் கேலிக்கும் ஒருசேர உரிய சவரிமுத்து மச்சானுக்கு,

வருகிற வாரம் உங்களுக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலி. உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதையும் போட்டு, காரைக்குடியில் நினைவுத் தாள் அடித்து வரும்படி அக்கா என்னிடம் சொன்னாள். கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'மறைந்தாலும்' என்று முதல் சொல் எழுதியதுமே நீங்கள் சிரிப்பது காதில் விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இவ்வளவும் ஒரு தாளில் அடங்காது என்று அச்சகத்துக்காரர் இப்போதே முகம் சுளிக்கிறார். எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் கண்ணாடி போட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் அங்கே சும்மா இருக்க மாட்டீர்கள். வானத்தில் எங்கே மேகம் கட்டுகிறது, எங்கே வெறும் புழுக்கம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் நம் ஊரில் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டாமா? கெட்ட செய்தியை நான் எப்போதும் கடைசியாகத்தான் சொல்வேன் என்று திட்டுவீர்கள். இன்றைக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது.

திருப்பலிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக நாலு வார்த்தை. என் மச்சான் சாண எரிவாயுக் கலன் கட்டித் தரும் அரசுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். கல்லல் பக்கத்துக் கிராமங்களில் எல்லாம் அவருக்குச் 'சாணி ஆபீசர்' என்று பெயர். என் அக்கா பிலோமினாளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே காபியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் மாட்டுக் கொட்டத்தைத்தான் முதலில் சுற்றிப் பார்த்தார். எத்தனை மாடு, எவ்வளவு சாணம், அடுப்படி எத்தனை அடி தூரம் என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு மாடு பிடித்துவிட்டது, பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று என் அப்பா உள்ளே வந்து சொன்னார். கல்யாணம் ஆன மறு மாதமே எங்கள் வீட்டுக் கொல்லையிலும் குழி தோண்டிவிட்டார்.

உங்கள் திட்டத்தின் லட்சணமும் எனக்குத் தெரியும் மச்சான். கலன் கட்டினால் மானியம் உண்டு. கட்டியது ஓடுகிறதா என்று போய்ப் பார்க்க யாருக்கும் உத்தரவு கிடையாது. கட்டி முடித்ததைக் கணக்கில் ஏற்றியதோடு மேலிடத்துக்கு வேலை முடிந்துவிடும். நீங்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடக் கிளம்புவீர்கள். திரும்பி வரும்போது உங்கள் மேல் அடிக்கும் நாற்றத்துக்கு அக்கா கிணற்றடியைத் தாண்டி உங்களை உள்ளே விட மாட்டாள். அப்படியும் பாதிக்குப் பாதி செத்துப்போயின. நம் ஊரில் கடைசிவரை எரிந்தது சின்னையா வீட்டுக் கலன் ஒன்றுதான். அவர் மனைவி முத்தம்மா அதில்தான் சோறு வடித்தாள், பால் காய்ச்சினாள், உங்களுக்குக் காபியும் போட்டுக் கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய தைலமரக்காடும் உங்கள் கைங்கரியம்தான். அதை மறந்துவிடாதீர்கள். புறம்போக்கு சும்மா கிடக்கிறது, வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரத்தை வைத்தால் ஊருக்கு விறகுப் பஞ்சம் தீரும், நிலக்கரியைத் தோண்டி எரிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று ஊர்க்கூட்டத்தில் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தீர்கள். வேம்பு, புளி, உடைமரம் என்று கலந்து வைக்கலாமே என்று சின்னையா அப்போதே கேட்டார். சீக்கிரம் வளர்வது இதுதான் என்று சொன்னீர்கள். பிற்பாடு அந்தச் சருகு எண்ணெய் மாதிரிப் பற்றிக்கொள்ளும் என்று நீங்களே தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆகவே முழுப் பாவமும் என்னுடையது என்று நான் சொல்லப்போவதில்லை. என் பங்கை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் இருந்த கடைசிப் புரட்டாசியில் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தீர்கள். நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவிலிருந்து உங்கள் சினேகிதர் எழுதிய கடிதத்தைப் பற்றி அன்றைக்குச் சொன்னீர்கள். அங்கே பக்கத்துத் தீவில் காடு எரிகிற புகையில் பட்டப்பகலில் சூரியன் தெரியவில்லையாம், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறார்களாம்.

"அங்கயும் மழை வர வேண்டிய நேரத்துல வரல மாப்ள. கரியையும் எண்ணெயையும் எரிச்சு எரிச்சு பூமி சூடாகுது. சூடு ஏற ஏற மண்ணு சீக்கிரம் காயுது. தீயப் பத்த வைக்கிறது மனுசன் கைதான். அதைப் பெருசாக்குறது காஞ்ச மண்ணு. காடு எரிஞ்சா அந்தப் புகையும் மேல போயி இன்னும் சூடாக்கும். இது சுத்திச் சுத்தி வரும்."

"சரி மச்சான், அதுக்கு இப்ப நா என்ன செய்யணுங்கிறீக?"

"கல்லறைக்கும் காட்டுக்கும் நடுவுல கோடு வெட்டு. கல்லறைத் திருநாளுக்கு முந்தியே வெட்டிரு."

கோடு என்றால் வேறொன்றும் இல்லை. காட்டின் ஓரத்தில் வண்டி போகும் அகலத்துக்குப் புல், சருகு, செடி எல்லாவற்றையும் செதுக்கி, மண் தெரிய விடுவது. எரிந்து வரும் தீ அந்த மண்ணில் வந்து நின்றுவிடும். நம் ஊரில் அதை மாசியில்தான் வெட்டுவோம். தீ என்றால் பங்குனி, சித்திரை. ஐப்பசி, கார்த்திகை என்றால் வெள்ளம், கண்மாய்க் கரை, மணல் மூட்டை. ஊருக்கும் அந்தக் கணக்குத்தான், அரசாங்கத்துக்கும் அதே கணக்குத்தான். மாசியில் கோடு வெட்டத்தான் திட்டத்தில் இடம் உண்டு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அட போங்க மச்சான். ஐப்பசியில குடை புடிக்க ஆள் தேடுவாக, தீயணைக்கவா தேடுவாக?" என்றேன். ஆபீசில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் போகும்போது செருப்பைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றீர்கள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஐப்பசி நடுவில் வரும் கல்லறைத் திருநாளன்று, செத்தவர்களுக்கு ஏற்றிய ஒரு மெழுகுதிரிகூட நிற்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "எங்க மச்சான் தீ? எங்குட்டு எரியுது?" என்று கேட்டேன். அக்காகூடச் சிரித்தாள். நீங்கள் கோபப்படவில்லை.

"இந்த வருசம் நீ ஜெயிச்சுட்ட மாப்ள. ஒவ்வொரு வருசமும் நீ ஜெயிக்கணும்ல?" என்றீர்கள்.

அடுத்த தை மாதம் சிவகங்கை பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். உங்களோடு கடைசியாக வாதாடி நான் ஜெயித்தது அந்த மழை விஷயத்தில்தான்.

இனி உங்களுக்குப் பிறகு வந்த ஐப்பசி.

புரட்டாசியில் ஒரு தூறல்கூட இல்லை. ஐப்பசி பிறந்தும் வானம் வெளிறிக் கிடந்தது. வாடைக் காற்று மட்டும் நாள் தவறாமல் வந்தது, அதில் ஈரமே இல்லை. உதடு வெடித்தது. நீங்கள் சொன்ன கோடு எனக்கு நினைவு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. ஆனால் திட்டத்தில் இடம் இல்லாத வேலைக்கு ஆளை இறக்கினால் யூனியன் ஆபீசில் கேள்வி கேட்பார்களே என்று நினைத்தேன். பிறகு மழை பெய்துவிட்டால் போன வருஷம் நான் உங்களைப் பார்த்துச் சிரித்ததுபோல ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திருநாளுக்கு முந்தின வாரம் எல்லாரும் அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்தோம். உங்கள் கல்லறைக்கு நான்தான் வந்தேன். புல்லைச் செதுக்கினேன், சுண்ணாம்பு அடித்தேன், உங்கள் பெயருக்குக் கறுப்பு மை தீட்டினேன். செதுக்கிய புல்லை என்ன செய்வோம்? அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் வீசுவோம். நம் கல்லறை சுத்தமாக இருந்தால் போதும் அல்லவா? காலம் காலமாக எல்லாரும் அப்படித்தான். எந்த வருஷமும் மழை வந்து அதை அழுக வைத்துவிடும். இந்த வருஷம் வேலி நெடுக ஒரு கரை மாதிரிக் குவிந்து, காய்ந்து, சலசலத்துக்கொண்டு கிடந்தது. அதன் ஒரு பக்கம் கல்லறை, மறு பக்கம் தைலமரச் சருகு.

உங்கள் இடம் வேலி ஓரம். நான் வீசிய குவியல் உங்கள் தலைமாட்டுக்கு நேர் பின்னால் இருந்தது.

திருநாள் சாயங்காலம் பங்குச் சாமி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அக்கா உங்கள் சிலுவையடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, முழங்காலிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். காற்று ஒரு தடவை சுழன்று அடித்தது. சிலுவையில் போட்டிருந்த பூமாலையில் சுற்றியிருந்த ஜிகினாத்தாள் திரியில் பற்றிக்கொண்டு, எழும்பி, வேலியைத் தாண்டிக் குவியலில் விழுந்தது. நான் எழுந்து ஓடுவதற்குள் வேலி நெடுகத் தீ ஓடிவிட்டது. அதன் பிறகு காட்டுக்குள் சருகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது.

இளவட்டங்கள் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு அடிக்கப் போனார்கள். யாரும் கிட்டே நெருங்க முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் காடு முழுவதும் எரிந்து, அந்தக் கடைசியில் இருக்கும் சின்னையா கொல்லைக்குள் புகுந்துவிட்டது. வைக்கோல் படப்பு போனது. மாட்டுக் கொட்டம் போனது. சின்னையா அரிவாளால் கயிற்றை அறுத்து மாடுகளை விரட்டினார். கன்றுக்குட்டி வெளியே வரவில்லை. முத்தம்மா நீங்கள் சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் எரிவாயுக் கலனின் குழாய்த் திருகை மூடிவிட்டுத்தான் ஓடினாள். இல்லாவிட்டால் வீடும் போயிருக்கும். குழாய் மட்டும் உருகி, அடுப்படிச் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தனை விறகும் ஒரு வீட்டில்கூட உலை கொதிக்காமல் எரிந்து போனது மச்சான். நீங்கள் இருந்திருந்தால் மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் பட்டுவிட்டு, மறு நிமிஷமே இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் சொல்ல வெட்கப்படுகிற இடம்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் விசாரிக்க வந்தார். நான் பஞ்சாயத்துத் தலைவர் அல்லவா, என்னைத்தான் கேட்டார். தீ எப்படி இவ்வளவு பரவியது என்றார். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "சார், பருவநிலையே மாறிப்போச்சு. உலகம் பூரா சூடாகிக்கிட்டு வருது. ஐப்பசியில சொட்டு மழை இல்ல, மண்ணெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. யாரு என்ன செய்ய முடியும்?" என்றேன். உங்கள் வார்த்தைகள். ஒன்றுகூட மாற்றவில்லை. நீங்கள் உயிரோடு சொன்னபோது சிரித்த அதே வாய், தனக்கு ஒரு நெருக்கடி என்றதும் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. அதிகாரிக்கு மிகவும் திருப்தி. பருவம் தவறிய வறட்சி என்று காரணம் எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. மழை வரவில்லை, மண் காய்ந்திருந்தது, எல்லாம் நிஜம். ஒரு வருஷம் மழை தவறியதற்கு உலகச் சூடுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லக்கூடாது, இப்படி அடிக்கடி தவறும் என்றுதான் சொல்லலாம் என்று நீங்கள் திருத்தியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் சொன்னது எதற்காக? வரப்போவதற்கு முன்கூட்டியே வேலை பார் என்பதற்காக. நான் அதைச் சொன்னது எதற்காக? என் மேல் வேலை ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக. நீங்கள் எச்சரிக்கையாகத் தந்ததை நான் சாக்காக ஆக்கிவிட்டேன்.

மறுநாள் சின்னையா வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார்.

"விடுங்க தலைவரே. சாமி கும்பிடப் போன எடத்துல யாரு வேணுமுன்னு வைப்பாக? காத்து கொண்டாந்துச்சு. நீங்க என்ன செய்வீக?"

"இல்ல சின்னையா, அந்தப் புல்லக் குமிச்சது நானு. கோடு வெட்டாததும் நானு."

"அட, எல்லாரும் போடுறதுதானே."

மாடுகளுக்குத் தீவனம் இல்லாமல் இரண்டையும் மாமனார் வீட்டுக்கு ஓட்டி விட்டிருந்தார்கள். மாடு இல்லாமல் சாணம் ஏது, சாணம் இல்லாமல் வாயு ஏது? முத்தம்மா மூன்று கல்லைக் கூட்டி, எரிந்த காட்டிலிருந்து பொறுக்கிய கரிக்கட்டையை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "அண்ணே, சார் இருந்தாகன்னா அந்தக் குழாயவாவது மாத்தித் தந்திருப்பாக" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே உங்களைத்தான் தேடினாள். அதனால்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அக்கா அன்றையிலிருந்து கல்லறைப் பக்கமே போகவில்லை. கோவிலுக்குக் கடைசியாக வந்து, முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறாள். சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றுவதையும் விட்டுவிட்டாள். நான் ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"தம்பி, என் மனசு ஆறணும்னு சொல்றே. திரிய ஏத்துனது நாந்தானே? அவுகளுக்கு ஏத்துன திரியில அவுக கட்டுன அடுப்பையே அணைச்சுட்டேனே."

திரி ஏற்றியவர்கள் நம் பங்கில் அத்தனை பேரும்தான் அக்கா என்றால், என்னுடையதுதானே பறந்தது என்கிறாள். புல்லைப் போட்டது நான், கோட்டை வெட்டாதது நான் என்றால், தம்பி பாசத்தில் பேசுகிறான் என்று தலையைத் தடவிவிட்டு உள்ளே போகிறாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிற இடமெல்லாம் எனக்கு மன்னிப்பும் மோரும்தான் கிடைக்கிறது. பங்குச் சாமிகூடப் பாவசங்கீர்த்தனத்தில் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இவ்வளவு லேசாகத் தப்பினால் மனுசனுக்கு எப்படி மச்சான் தூக்கம் வரும்?

இன்னொரு செய்தி. அந்த அதிகாரி மறுபடி வந்திருந்தார். எரிந்த இடத்தில் திரும்பவும் அதே தைலமரத்தை நடப்போகிறார்களாம். மரபுசாரா எரிசக்திக்கு அரசு இப்போது தாராளமாக உதவுகிறதாம். விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று இந்தப் பக்கம் வரலாம், நம் மரமும் அதற்குப் போகலாம் என்கிறார். குடியரசு நாள் கிராம சபையில் சம்மதத் தீர்மானம் வேண்டுமாம். நடுவதற்கு எல்லாம் ஏற்பாடு இருக்கிறது. காப்பதற்கு என்று கேட்டேன். மாசியில் கோடு வெட்டலாம் சார், விதியில் இருக்கிறது என்றார். புரட்டாசியில் என்று கேட்டேன். ஐப்பசியில் எங்கே சார் தீ வரும் என்று சிரித்தார். இந்தச் சிரிப்பை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

வெட்டிய மரம் திரும்பத் துளிர்த்தால்தான் அந்த விறகுக்கும் நிலக்கரிக்கும் வித்தியாசம் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை அவரிடம் சொன்னேன். காக்க முடியாத காட்டை நட்டு மின்சாரம் என்று கணக்கு எழுதினால், எரிகிற அன்றைக்கு அந்தப் புகையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், குறித்துக்கொண்டார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே என்ன சொல்வார்களோ, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். கலப்பு மரமாக வைக்க வேண்டும், மாசிக்கு ஒன்று, புரட்டாசிக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கோடு வெட்ட வேண்டும் என்று தீர்மானத்தில் ஏறாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கல்லறைப் புல்லை இனி வேலி தாண்டி யாரும் வீசக் கூடாது, குழி வெட்டி அதில்தான் போட வேண்டும். சின்னையாவுக்குக் கொட்டத்தையும் குழாயையும் பஞ்சாயத்து சரி செய்து கொடுக்க வேண்டும். இதைத் தருமமாகச் செய்யக் கூடாது, பட்ட கடனாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்ய வேண்டுமானால் யார் மேலும் பொறுப்பு வைக்காமல் அந்த அதிகாரி எழுதிக்கொண்டு போன காரணத்தை மாற்றியாக வேண்டும்.

அதனால்தான் மச்சான், கவிதை எழுத வேண்டிய தாளில் இதை எழுதினேன். திருப்பலிக்கு வருகிற அத்தனை பேர் கையிலும் இது இருக்கும். அதன் பிறகு சபைக்குப் போய் நான் பின்வாங்க முடியாது. எழுந்து நின்று சொல்வேன்: மழை பொய்த்ததையும் எழுதுங்கள், தெரிந்திருந்தும் இந்த ஊர்த் தலைவர் கோடு வெட்டவில்லை என்பதையும் எழுதுங்கள்.

அக்காவும் அன்றைக்குச் சபையில் இருப்பாள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். வீட்டில் தம்பி சொன்னால் பாசம் என்பாள். ஊர் நடுவில் தலைவர் சொன்னால் என்ன சொல்வாள்? கோபம் வரும். வரட்டும். என்னோடு பேச்சை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். அவள் என் மேல் கோபப்பட ஆரம்பித்தால்தான் தன் மேல் கோபப்படுவதை நிறுத்துவாள்.

என்றும் உங்கள் பிலோமினாளின் தம்பி,
உங்கள் மாப்பிள்ளை
அருளப்பன்